பற்றரிக்குப் பயந்தா, பஞ்சிகாவத்தைக்குப் பயந்தா? – வாகனக் கேள்வி பதில்

பெற்றோலும் பற்றரியும் சேர்ந்த ஹைபிரிட்டா, முழு மின்சாரக் காரா என்று கேட்டு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தோம். எது நல்ல கார் என்பதைவிட, அது நின்றுபோனால் நமது பக்கத்தில் யார் கைவைப்பார், சாமான் எங்கிருந்து எத்தனை நாளில் வரும் என்பதே எங்கள் பதில்களின் அளவுகோல்.

வீட்டில் 2010 டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் நிற்கிறது. வாப்பாதான் ஓடுவார். ஊறணிச் சந்தியில் வைத்துச் சிவப்பு முக்கோணம் எரிந்து, பின்னால் காற்றாடி பெரிதாக இரைந்தது. ஒரு கராஜில் இரண்டு செல் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். இன்னொரு கராஜில் முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, காத்தான்குடி

இரண்டு பேரும் எதை அளந்து பார்த்துச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். அளக்காமல் சொன்னால் இரண்டுமே ஊகம்.

உங்கள் பிரியஸில் 28 நிக்கல் செல் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கராஜில் 'செல்' என்பது இந்தப் பெட்டியைத்தான், அதற்குள் ஆறு சிறு செல்கள். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். காரின் கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாகப் பார்க்கிறது. ஸ்கேனரைப் பூட்டினால் 14 தொகுதிகளின் வோல்ட்டும் தனித்தனியே தெரியும். கார் நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓடவிட்டு, அக்சிலேட்டரை நன்றாக மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பார்க்க வேண்டும். ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட், 1.2 வோல்ட் கீழே விழுந்து, பிரேக்கில் மேலே குதித்தால் அதற்குள் ஒரு சிறு செல் செத்துவிட்டது. ஒரு சிறு செல்லின் அளவே 1.2 வோல்ட்தான். பி0ஏ80 என்ற குறியீட்டோடு பி3011 முதல் பி3024 வரையான எண்களில் ஏதாவது வந்தால், எந்தத் தொகுதி என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

அந்த ஒரு தொகுதியை மட்டும் மாற்றினால் கார் ஓடும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. மிச்ச 26 பெட்டிகளுக்கும் அதே வயது, அவை தின்ற வெயிலும் அதே வெயில். போடுகிற பெட்டி பலமானதாக இருந்தால் பழையவை அதனோடு இழுபட்டு அடுத்தடுத்து விழும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பின் சீற்றைக் கழற்றுகிற கதை இப்படித்தான் தொடங்கும். அவசரத்துக்கு, அல்லது காரை விற்கும் வரைக்கும் என்றால் இரண்டு செல் போதும். இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட வேண்டுமென்றால் முழுப் பற்றரிதான். ஜப்பானில் கழற்றிய பழைய பற்றரியை விலை குறைவு என்று வாங்குவதிலும் இதே சூது இருக்கிறது. குறைய ஓடிய காரில் எடுத்தது என்பார்கள். நிக்கல் செல் ஓடாமலும் கிழடாகும், லேபலில் உள்ள உற்பத்தித் திகதியைப் பாருங்கள்.

செலவுக்கு இறங்குமுன் இரண்டு இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, பின் சீற்றின் பக்கத்தில் உள்ள காற்று வாங்கும் துளை. பற்றரியின் காற்றாடி காருக்குள் இருக்கும் குளிர் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. நமது பக்கத்து மணற்தூசும் தலைமுடியும் சேர்ந்து காற்றாடி இறக்கையில் கம்பளிபோலப் படிந்திருக்கும். காற்றாடி இரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது பற்றரி சூடாகிறது என்பதற்கு அடையாளம். கழற்றித் துப்புரவாக்க ஒரு மணித்தியாலம் காணும். அதன்பிறகு வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். துணிப்பை, பிள்ளையின் புத்தகப்பை எதையும் அந்தத் துளைக்கு முன்னால் வைக்கக் கூடாது.

மற்றது, செல்களை இணைக்கும் செம்புத் தகடுகள். உப்புக் காற்றில் பச்சை பிடித்துத் தொடர்பு கெட்டாலும் அதே விளக்குத்தான் எரியும். வினாகிரியில் ஊறவைத்து, கழுவி, நன்றாகக் காயவைத்துப் பூட்டலாம். நட்டுகளை 5.4 நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்கக் கூடாது. முறுக்கினால் செல்லின் முளையே கழன்று கையில் வரும், அந்தப் பெட்டி குப்பைக்குத்தான்.

இதையெல்லாம் வீட்டு முற்றத்தில் செய்யப் புறப்பட வேண்டாம். பெரிய பற்றரியின் தொடர்பைத் துண்டிக்கும் செம்மஞ்சள் சேவிஸ் பிளக்கைக் கழற்றி 10 நிமிடம் பொறுத்து, 1000 வோல்ட் கையுறையோடு அளந்து பார்த்த பிறகே கை வைப்பது முறை. கையுறை இல்லாத கராஜில் ஹைபிரிட் பற்றரி வேலை கொடுக்காதீர்கள்.

ஒரு இடைக்குறிப்பு. இந்த வயதுப் பிரியஸில் காலையில் ஸ்ராட் ஆகும்போது என்ஜின் குலுங்கி, ஒழுக்கு எதுவும் இல்லாமல் கூலன்ட் குறைந்தால் அது பற்றரிக் கோளாறு அல்ல. புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் கூலர் கரி பிடித்து அடைபட்டு, ஹெட் கஸ்கட் போகத் தொடங்கியிருக்கிறது. பற்றரிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு என்ஜினைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. 80,000 – 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை அந்தக் கூலரைக் கழற்றிக் கழுவுவது மலிவான வேலை.

அக்கரைப்பற்றில் வீடு, கல்முனையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பு. பழைய 24 கிலோவாற் நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று கைக்கு அடக்கமான விலையில் வருகிறது. அதே காசுக்கு மேல் கொஞ்சம் போட்டால் டொயோட்டா அக்குவா ஹைபிரிட். எதை எடுப்பது?
– வாசகர், அக்கரைப்பற்று

வீட்டில் இது ஒன்றுதான் கார் என்றால் அக்குவா. இரண்டாவது கார் என்றால் லீஃபைப் பார்க்கலாம், ஆனால் கீழே சொல்லும் பரிசோதனை செய்த பிறகு.

24 கிலோவாற் மணி லீஃப் புதிதாக இருந்தபோதே அமெரிக்க அரசின் அளவீட்டில் 117 கிலோமீற்றர், 2013க்குப் பிந்தியது சுமார் 135 கிலோமீற்றர். மீற்றரின் வலது ஓரத்தில் பற்றரியின் ஆயுளைக் காட்டும் 12 கோடுகள் இருக்கும். முதல் கோடு அணையும்போது 15 சதவீதம் போயிருக்கும், அதன்பிறகு ஒவ்வொன்றுக்கும் 6.25 சதவீதம். 9 கோடு மிச்சமென்றால் 72 சதவீதம்தான் உயிர். கல்முனை போய்வர அது தாராளம். மட்டக்களப்புப் போய்வருவதானால் இடையில் சார்ஜ் வேண்டும். கொழும்பு என்பது வேறு கதை. வழியில் வேலை செய்யும் சாடெமோ வகை வேகச் சார்ஜர்களை நம்பி, ஒவ்வொன்றிலும் அரை மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும்.

அந்தக் கோடுகளையும் அப்படியே நம்பாதீர்கள். பற்றரிக் கணினியை அழித்து 12 கோடும் எரியவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சில வாரம் ஓடிய பிறகுதான் உண்மை வெளியே வரும். அந்த நாட்களில் பற்றரியின் நிலையைக் காட்டும் லீஃப் ஸ்பை செயலிகூடப் பொய் சொல்லும். ஆகவே முழுதாக சார்ஜ் ஏற்றி, கரையோரச் சமதளப் பாதையில் ஏசி போட்டு, மணிக்கு 60இல் 40 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். நல்ல பற்றரியில் சார்ஜ் கால் பங்குக்குச் சற்றுக் கூடக் குறையும். 40 சதவீதத்தை நெருங்கினால் அந்தப் பற்றரி களைத்துவிட்டது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் வாங்க வேண்டாம்.

லீஃபின் பற்றரிக்குத் தண்ணீரோ காற்றாடியோ குளிர்ச்சி கொடுப்பதில்லை. நமது வெயிலில் அதுதான் அதன் பலவீனம். மத்தியானம் ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. இரவில் போட்டு, நாளாந்தம் 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும்.

செலவுக் கணக்கில் லீஃபின் கை ஓங்கினாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சார்ஜில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யுனிட்டுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர். அக்குவா ஒரு லீற்றரில் 20 ஓடும் என்று வைத்தால், அதே தூரத்துக்கு மூன்றரை யுனிட்டுக்குச் சற்றுக் குறைய. மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடினால் 200 யுனிட். அது உங்கள் வீட்டுப் பாவனைக்கு மேலே ஏறி நிற்கும், பெரும்பகுதி 180க்கு மேற்பட்ட கடைசி அடுக்கில் விழும். எனவே கரண்ட் பில்லின் சராசரி விலையால் அல்ல, அந்தக் கடைசி அடுக்கு விலையால் பெருக்கிப் பாருங்கள். கூரையில் சோலர் இருந்தால் கணக்கே மாறிவிடும்.

இனி சாமான். லீஃபில் என்ஜின் ஓயில், பிளக், பெல்ட் எதுவும் இல்லை. கியர் ஓயில் ஒன்றரை லீற்றருக்குள், பிரேக் ஓயில், கூலன்ட், கபின் பில்டர், ரயர், சாதாரண 12 வோல்ட் பற்றரி, அவ்வளவுதான். கெடுவது குறைவு. கெட்டால் பாரம். காருக்குள்ளேயே இருக்கும் ஒன்போட் சார்ஜர் போனால் கழற்றிய பழையதைத் தேட வேண்டும். பற்றரி மாற்றினாலோ, அதைக் காரின் கணினியோடு கணினிமூலம் இணைக்கத் தெரிந்தவர் வேண்டும். வேறு வருட மாடலின் பற்றரி அப்படியே பொருந்தாது. அக்குவாவுக்கோ கொழும்பின் வாகனச் சாமான் சந்தையான பஞ்சிகாவத்தையில் முன் விளக்கிலிருந்து இன்வேட்டர் வரைக்கும் கிடைக்கும். காலையில் சொன்னால் இரவு பஸ்ஸில் போட்டு விடியக் கல்முனையில் இறக்கலாம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி திறந்தது. இடையில் ஓடிய காலமெல்லாம் பழுதுபார்ப்பவர்கள் கை பழகியது அக்குவாவிலும் பிரியஸிலும்தான். அந்தக் கைப்பழக்கத்தையும் விலையோடு சேர்த்து வாங்குகிறீர்கள்.

சாமான் ஓடர் பண்ணும்போது "2013 அக்குவா" என்று மட்டும் சொல்லாதீர்கள். சேசிஸ் நம்பரையும் பழைய சாமானில் உள்ள இலக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பிழையான சாமானைத் திருப்பி அனுப்புகிற பஸ் கூலி உங்கள் தலையில்தான் வரும்.

ஹொண்டாவின் ஹைபிரிட்டுகளான வெசெல், ஃபிட் ஜிபி5 எடுத்தால்?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

ஓட்டத்துக்கு ருசியான கார்கள். ஆனால் டொயோட்டா ஹைபிரிட்டில் கிளச்சே இல்லை, இவற்றில் இரட்டைக் கிளச் கொண்ட ஏழு கியர் பெட்டி இருக்கிறது. சன நெரிசலில் உருட்டி உருட்டி ஓடினால் கிளச் சூடாகி உதறத் தொடங்கும். 2013, 2014 காலத்தில் தயாரிப்பாளரே மென்பொருளுக்காகப் பல தடவை திருப்பி அழைத்த கார்கள் இவை. வாங்குமுன் கியர் ஓயிலும் கிளச் ஓயிலும் மாற்றிய விவரத்தைக் கேளுங்கள். கிளச் மாற்றினால் கணினிக்குப் புதிதாகப் பழக்கிவிட வேண்டும். அதற்குரிய ஸ்கேனர் உள்ள கராஜ் உங்கள் எட்டுக்குள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அக்குவாவுக்கு ஏசி காஸ் அடித்துக் கொஞ்ச நாளில் கார் ரெடி ஆகவே மாட்டேன் என்கிறது. காஸ் அடித்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், ஏறாவூர்

பெரும்பாலும் உண்டு. அக்குவா போன்ற ஹைபிரிட்டிலும் மின்சாரக் காரிலும் ஏசி கொம்பிரசர் பெல்டில் சுற்றுவதில்லை. பெரிய பற்றரியின் கரண்டில் ஓடும் மோட்டார் அதற்குள்ளேயே, காஸிலும் ஓயிலிலும் நனைந்தபடி இருக்கிறது. ஆகவே அந்த ஓயில் கரண்ட் கடத்தாததாக இருக்க வேண்டும். டொயோட்டாவுக்கு அது என்டி 11. சாதாரண கார்களுக்கு ஊற்றும் பிஏஜி ஓயில் சிறிதளவு கலந்தாலே கரண்ட் பாடிக்குக் கசியும். கணினி அதைக் கண்டுபிடித்து, பி0ஏஏ6 என்று காட்டி, காரையே பூட்டிவிடும்.

கொம்பிரசர் வயரை முறைப்படி பிரித்து இன்சுலேஷன் அளந்தால் உறுதியாகும். கலந்துவிட்டது என்றால் கொம்பிரசரோடு குழாய்களையும் கழுவி அல்லது மாற்றித்தான் தீர வேண்டும். பெரிய செலவு. இனிமேல் காஸ் அடிக்கப் போனால், ஓயில் ரின்னைக் கண்ணால் பார்த்துவிட்டு பொனற்றைத் திறவுங்கள். மெஷினின் குழாயில் முந்திய காரின் பிஏஜி ஓயில் மிஞ்சியிருந்தாலும் அதே கேடுதான். ஹைபிரிட்டுக்கென்று தனிக் குழாய் வைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

மாரி வெள்ளத்தில் ஹைபிரிட் காருக்கும் மின்சாரக் காருக்கும் எது ஆபத்து? போன தடவை எங்கள் ஒழுங்கையில் சீற் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது.
– வாசகி, ஓட்டமாவடி

தண்ணீருக்குள் ஓடும்போது ஹைபிரிட்டுக்குத்தான் ஆபத்துக் கூட. மின்சாரத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது என்ஜின் தன் பாட்டில் ஸ்ராட் ஆகும். காற்றுக் குழாயில் தண்ணீரை இழுத்தால் பிஸ்டனின் கொன்ரோட் வளைந்துவிடும். மின்சாரக் காரில் இழுக்க ஒன்றுமில்லை. அதற்காக எதையும் பாதிச் சில்லுக்கு மேல் நிற்கும் தண்ணீரில் இறக்கக் கூடாது.

நின்ற இடத்தில் மூழ்கினால் கணக்கு வேறு. அக்குவாவின் பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. சீற் மட்டத்துக்குத் தண்ணீர் என்றால் பற்றரிக்குள் போய்விட்டது. மின்சாரக் கார்களின் பற்றரிப் பெட்டி அடைத்து மூடியது, சில மணித்தியாலம் தாங்கக் கூடும். ஆனால் லிதியம் பெட்டிக்குள் உவர்த் தண்ணீர் புகுந்தால் நாட்கள், ஏன் வாரங்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். வாவியும் கடலும் சேர்ந்து ஏறும் ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் சுவிச்சை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சார்ஜும் போட வேண்டாம். தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி நான்கு பக்கமும், மீற்றரையும் போட்டோ எடுத்துக் காப்புறுதிக்கு அறிவியுங்கள். நீங்களாக ஸ்ராட் பண்ணி என்ஜின் உடைந்தால் அதற்கு அவர்கள் காசு தர மறுப்பார்கள். செம்மஞ்சள் வயர் எதையும் தொடாதீர்கள், நனைந்த சேவிஸ் பிளக்கையும் இழுக்காதீர்கள். மின்சாரக் காரை வீட்டிலிருந்து 15 மீற்றராவது தள்ளி, வெட்ட வெளியில் விடுங்கள். ஹைபிரிட்டைக் கார் ஏற்றும் கெரியர் லொறியில் ஏற்றி, இரண்டு மூன்று நாளுக்குள் பற்றரியைத் திறக்க வேண்டும். பிந்தினால் செம்புத் தகடும் வோல்ட் அளக்கும் வயர்களும் அரிபட்டுப் போகும். கியர் ஓயிலை வடித்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

மின்சாரக் கார் எடுத்தால் வீட்டில் இருக்கும் மூன்று துளைப் பிளக்கிலேயே சார்ஜ் போடலாமா?
– வாசகர், அம்பாறை

ஒரு நாள், இரண்டு நாள் போடலாம். வழக்கமாக்க வேண்டாம். 3 கிலோவாற் சார்ஜர் 13 அம்பியரை எட்டு மணித்தியாலம் விடாமல் இழுக்கும். ஸ்திரிக்கைப் பெட்டி விட்டு விட்டு இழுப்பது வேறு, இது வேறு. பிளக்கின் பின்பக்கம் மஞ்சளாகிக் கருகுவது அதனால்தான். சார்ஜரில் அம்பியர் குறைக்கும் வசதி இருந்தால் 10இல் வையுங்கள்.

சரியான வேலை என்றால் மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீற்றர், அதற்கென 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச். சார்ஜரின் டிசி (நேரோட்ட) மின் கசிவையும் உணரும் வகையாக அது இருக்க வேண்டும், மலிவான சாதாரண வகை அதில் மரத்துப்போய்விடும். சுவரில் மூன்று துளைக்குப் பதிலாக நீல நிற 16 அம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக். சுவரில் பூட்டும் 7 கிலோவாற் சார்ஜர் 32 அம்பியர் கேட்கும். உங்கள் வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் மெயின் விழும். 16இல் மட்டுப்படுத்துங்கள், அல்லது மூன்று பேஸ் எடுங்கள்.

நில வயர்தான் (எர்த்) நமது பக்கத்தில் அசட்டையாக விடப்படுவது. கரையோர மணல் கோடையில் காய்ந்துவிடும், ஒற்றைக் கம்பி பேருக்குத்தான் நிற்கும். ஆழமாக இரண்டு மூன்று கம்பி இறக்கி அளந்து வாங்குங்கள். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலில் சார்ஜ் வயரைக் கழற்றிவிடுங்கள். மின்னலில் போகும் ஒன்போட் சார்ஜர் எந்த வீட்டு வயரிங் செலவையும்விடக் கூட. ஜப்பான் காரோடு வரும் வயரில் 200 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கும். 230க்கு உரியதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சீன மின்சாரக் கார் ஒன்று விலை குறைவாக வருகிறது. "ஓடாத பழைய கார்" என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், சாய்ந்தமருது

சார்ஜ் மூடியைத் திறந்து பாருங்கள். ஏற்றுமதிக்குச் செய்ததில் ரைப் 2, சிசிஎஸ் 2 துளை இருக்கும். ஜிபிரி துளை இருந்தால் அது சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்கானது. மெதுவான சார்ஜுக்கு அடப்டர் கிடைக்கும். வேகச் சார்ஜுக்கு அடப்டரை நம்பிப் பயணம் போக முடியாது. திரையும் சீன மொழியில், மென்பொருள் புதுப்பிப்பும் அங்கிருந்து. சேசிஸ் நம்பர் இரண்டு வகையிலும் 'எல்' எழுத்தில்தான் தொடங்கும், ஆகவே அதைக் காட்டி ஏமாற்றலாம். உள்ளூர் முகவரிடம் அந்த நம்பரைக் கொடுத்து, உத்தரவாதமும் சாமானும் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் "ஓம்" என்பது காணாது.

கட்டாரில் இருக்கிறேன். அக்குவா வீட்டில் நிற்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் விட்டால் பற்றரி போகுமா?
– வாசகர், நிந்தவூர்

முதலில் போவது 12 வோல்ட் சின்னப் பற்றரி. வீட்டில் ஒருவரைக் கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் ரெடி விளக்கு எரியவிடச் சொல்லுங்கள். பிரேக்கை மிதிக்காமல் சுவிச்சை மட்டும் போட்டுவைத்தால் ஏறாது, இறங்கும். ஆளில்லை என்றால் 12 வோல்ட்டின் மைனஸைக் கழற்றிவிடலாம். பெரிய பற்றரிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்வந்தால் போதும்.

சின்னப் பற்றரி மாற்றும்போது ஒன்று. அது ஆட்கள் இருக்கும் இடத்துக்குள், பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. காஸை வெளியே விடும் குழாய் உள்ள எஸ்34பி20ஆர் வகைதான் போட வேண்டும், அந்த ரப்பர் குழாயையும் மறக்காமல் பூட்ட வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பற்றரியைப் போட்டால் அசிட் புகை காருக்குள் வரும்.

பெற்றோலை அடிமட்டத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். பெற்றோல் முடிந்தும் பெரிய பற்றரியில் இழுத்து ஓடி அதுவும் இறங்கினால், என்ஜினைச் சுற்ற வேறு ஸ்ராட்டர் இந்தக் காரில் இல்லை.

ஹைபிரிட் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கலாமா?
– வாசகர், பொத்துவில்

வேண்டாம். முன் சில்லுகள் சுழன்றால் உள்ளே மோட்டாரும் சுழன்று கரண்ட் பிறக்கும். லீஃபும் அப்படித்தான். கெரியரில் ஏற்றுங்கள், அல்லது முன் சில்லு இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கி இழுக்கச் சொல்லுங்கள். சேற்றில் புதைந்ததை நான்கைந்து மீற்றர் வெளியே எடுப்பதற்கு மட்டும், நியூட்ரலில் போட்டு, நடை வேகத்தில்.